திரை இருண்ட ஒன்பது நிமிடங்கள்

ரஞ்சித்குமார் ஆள் அனுப்பிக் குடையைப் பிடுங்கிக்கொண்டு போனபோதே ஜாய்ஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சார், குடை எனக்கில்ல, டேபுக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டாள். அதற்காகப் பிற்பாடு தன்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

செய்யூருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் அன்றைக்குக் கடல் நீச்சல் போட்டி. கரையிலிருந்து அறுநூறு மீட்டர் நீந்திப் போய், நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்த சிவப்பு மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கல்பாக்கத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள். ஆளுக்கொரு ரப்பர் தொப்பி. இளைஞர்களுக்கு நீலம், பெண்களுக்கு வெள்ளை, நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மஞ்சள். ஒவ்வொருவர் இடுப்பிலும் கயிறு கட்டி, பின்னால் மிதந்து வர ஓர் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை.

நடத்தியது ரஞ்சித்குமாரின் நீச்சல் கிளப். ஜாய்ஸுக்கு அதில் இரண்டு வேலை. ட்ரோனில் படம் எடுப்பது ஒன்று. மற்றது மேலிருந்து கண்காணிப்பது. அலைக்கு நடுவில் ஒரு தலை தடுமாறினால் படகில் இருக்கிறவனுக்குத் தெரியாது. மேலே நிற்கும் கேமராவுக்குத் தெரியும். அவள் பார்த்து, படகில் இருக்கும் அண்ணன் ஜெரோமுக்கு போனில் சொல்ல வேண்டும். ஜெரோம் படாளத்தில் லோடு வண்டி ஓட்டுகிறவன். படகு, பக்கத்துக் குப்பத்து ஹரிகிருஷ்ணனுடையது. படகை ஓட்டுவதும் அவர்தான்.

ட்ரோனை ஓட்டும் ரிமோட்டில் திரை கிடையாது. டேப்லெட் கணினியை, அந்த டேபை, அதில் மாட்டி ஒயரால் இணைத்தால், கேமரா பார்ப்பதெல்லாம் டேபில் தெரியும். ட்ரோன் எங்கே நிற்கிறது, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதும் அதில்தான். இந்த டேப் வெயிலில் என்ன பாடு படும் என்பது ஜாய்ஸுக்கு நன்றாகத் தெரியும். சூடேறினால் முதலில் தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். அப்புறம் படம் விக்கி விக்கி வரும். கடைசியில் ஒரேயடியாக அணைந்துபோகும். போன வருஷம் மனை விற்கும் ஒருவருக்காக வேர்க்கடலைக் கொல்லை ஒன்றைப் படம் பிடிக்கும்போது அப்படித்தான் அணைந்தது. கொல்லையில் யாரும் இல்லை. ட்ரோன் அந்தரத்தில் நின்றது, பொத்தானை அழுத்தித் திரும்ப வரவழைத்தாள், முடிந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அவள் சில பழக்கங்களை வைத்திருந்தாள். பறக்கவிடும்வரை டேபை நிழலில் வைப்பாள். சார்ஜ் ஏற்றிய கையோடு எடுத்து ட்ரோனைப் பறக்கவிட மாட்டாள். முதுகிலிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றிவிடுவாள். வேண்டாத ஆப்களை மூடிவிடுவாள். வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் ஏற்ற மாட்டாள். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் திரை தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு பெரிய குடை.

அன்றைக்கு இவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

ஆறரைக்குத் தொடங்க வேண்டிய போட்டி, தலைமை விருந்தினர் வராததால் ஒன்பதே முக்கால் வரை இழுத்தது. அதுவரை கரையில் போட்டிருந்த பந்தலின் பெரிய டி.வி.யில் பழைய வீடியோக்களைக் காட்டச் சொல்லி ரஞ்சித்குமார் டேபைப் பாதி காலியாக்கிவிட்டார். அதனால் ஜெரோமின் லோடு வண்டிக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டியதாயிற்று. வண்டி வெயிலில் நின்றது. எடுத்தபோதே டேப் இளஞ்சூடாக இருந்தது. மணல்காற்று அடித்ததால் ரப்பர் உறையைக் கழற்றவில்லை. விருந்தினர் வந்ததும் அவருக்கு நிழல் போதவில்லை என்று குடை போயிற்று. கடைசியாக ரஞ்சித்குமார் வந்து, "உன் டேப்ல தெரியறத அப்படியே டி.வி.ல லைவா உடும்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

"சார், அப்டி உட்டா டேப் சூடாயிடும்."

"அரை மணி நேரந்தானே? ஒண்ணும் ஆவாது."

அவர் மூலம் இன்னும் மூன்று வேலைகள் வரவிருந்தன. ஜாய்ஸ் சரி என்றாள். வெயிலில் திரை தெரியாததால் வெளிச்சத்தையும் முழுக்க ஏற்றினாள்.

ட்ரோனின் முதல் பேட்டரி தீரும்வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. பத்து பன்னிரண்டுக்கு இரண்டாவது பேட்டரியை மாட்டி ட்ரோனை மறுபடி எழுப்பினாள். பாதிப் பேர் கரையேறிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் மிதவை அருகே வாந்தி எடுக்க, ஜெரோமும் ஹரிகிருஷ்ணனும் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள். இன்னொரு படகு கரையோரத்திலேயே முடிவுக் கோட்டருகே இருந்தது. ஆக, மிதவைக்குப் பக்கத்தில் யாருமில்லை. ஜாய்ஸ் ட்ரோனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

மிதவைக்கு அப்பால், கொஞ்சம் வடக்கே தள்ளி, ஒரு மஞ்சள் தொப்பி. அந்த ஆள் நீந்தவில்லை. நிமிர்ந்து பார்த்து, ட்ரோனை நோக்கி ஒரு கையை உயர்த்தினார். பந்தலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஜாய்ஸும் சிரித்துக்கொண்டாள். கேமராவைப் பார்த்தால் எல்லோரும் கை காட்டத்தான் செய்வார்கள்.

அந்தக் கை கீழே இறங்கவில்லை.

காலையில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்தி அப்படியே வைத்திருக்க வேண்டும்.

கேமராவை நெருக்கிப் பார்க்கப் போனாள். படம் ஒரு முறை விக்கியது. திரை சட்டென்று மங்கியது. ஆரஞ்சு நிறப் பை மட்டும் ஒரு கணம் தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. கறுப்புக் கண்ணாடியில் அவள் முகமே அவளைப் பார்த்தது. பந்தலில் டி.வி.யும் நீலமாகிப்போயிற்று.

கைக்கடிகாரத்தில் மணி பத்து இருபத்தொன்று.

அவள் விரல் தானாகவே திரும்பி வரும் பொத்தானுக்குப் போனது. அழுத்தினால் ட்ரோன் பத்திரமாகக் கரைக்கு வந்து இறங்கிவிடும். ஆனால் அந்த ஆள் எந்த இடத்தில் இருந்தார் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அடையாளமும் அதோடு போய்விடும். ரிமோட்டின் குச்சிகளைத் தொடாமல் விட்டால் ட்ரோன் நின்ற இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். எவ்வளவு நேரம்? காற்றில்லாத நாளில் இருபத்தெட்டு நிமிடம். இன்றைக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. அதில் ஒன்பது போய்விட்டது.

விரலை எடுத்துவிட்டு, இடது கையால் போனை எடுத்தாள்.

"ண்ணா, எங்க கீற?"

"கரையிலதான். அந்தப் பொண்ண எறக்கிக்கினு இருக்கோம். இன்னா?"

"மிதவைக்கு அந்தாண்ட, வடக்கால, ஒராளு கையத் தூக்கிட்டாருண்ணா. என் டேப் ஆஃப் ஆயிடுச்சி. ட்ரோன் அவரு தலைக்கு மேலதான் நிக்குது. அதப் பாத்துக்கினே போ. சீக்கிரம் போண்ணா!"

ஜெரோம் படகைத் தள்ளச் சொல்லிக் கத்துவது போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. அலை உடையும் இடத்தில் படகு இரண்டு முறை மூக்கைத் தூக்கி நின்று, பிறகு தாண்டியது.

ரஞ்சித்குமார் ஓடி வந்தார். "இன்னாச்சி? டி.வி. ஏன் போச்சி?" விஷயத்தைக் கேட்டதும் டேபைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "எப்பா, தோசக்கல்லு மாதிரி கீது! குடு, மோர் வச்ச ஐஸ் பெட்டில போடலாம்."

"வோணாம் சார். ஐஸுல வச்சா உள்ள தண்ணி வேர்த்துடும். அப்பறம் இது எழுந்துக்கவே எழுந்துக்காது."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"கார் ஏ.சி. கெடச்சா போதும்."

"எங்க கார் இருக்கு." பின்னாலிருந்து ஒரு பெண் குரல். பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்மணி. ஐ.டி. கம்பெனி அடையாள அட்டைக் கயிற்றிலேயே கார் சாவியையும் மாட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். ஸ்வாதி என்று காலையில் யாரோ கூப்பிட்டது ஜாய்ஸுக்கு நினைவிருந்தது. "டி.வி.ல கையத் தூக்கினாரே, அந்த மஞ்சத் தொப்பிக்கா ஆபத்து?"

"ஆமா, மேடம்."

"மஞ்சத் தொப்பி மொத்தமே மூணு பேர். ரெண்டு பேர் வந்துட்டாங்க" என்றாள் ஸ்வாதி. பிறகு கையை நீட்டினாள். "குடுங்க. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

மூன்றாவது ஆள் இவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஜாய்ஸுக்குத் துணிச்சல் வரவில்லை. உறையைக் கழற்றினாள். உறைக்குள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. "ஏ.சி. காத்து வர எடத்துல முதுகுப் பக்கத்தக் காட்டுங்க. நடுவுல ஆன் பண்ணிப் பாக்காதீங்க. முதுகு தொட்டா சூடு தெரியாத அளவுக்கு வந்தப்பறம் ஆன் பண்ணி எடுத்துக்கினு வாங்க."

ஸ்வாதி டேபை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். கார் தோப்போரம், நூற்றைம்பது மீட்டர் தள்ளி. மணலில் செருப்பு கழன்று விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி ஜாய்ஸ் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அதுதான் கொடுமை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் தவறிக்கூடக் குச்சியில் பட்டுவிடாதபடி நின்றாள். ட்ரோன் கண்ணுக்குத் தெரியவில்லை. முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் அது ஒரு கொசுவுக்குக்கூடச் சமமில்லை. சூரியன் நேர் எதிரே. கடல் முழுக்கத் தகரம் போலப் பளபளத்தது. அங்கே ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு ஓர் அறிகுறியும் இல்லை. விளையாட்டு பார்க்க வந்த பிள்ளைகள் கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தன.

பத்து இருபத்தைந்து. பத்து இருபத்தாறு. கர்த்தரே, கர்த்தரே என்று அவள் உதடு தானாக முணுமுணுத்தது. ஜெபத்தின் அடுத்த வார்த்தை எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

போனில் ஜெரோமின் குரல். "ஜாய்ஸு, ட்ரோன் எங்கன்னே தெரில. வெய்யில்ல கண்ணு கூசுது."

"மிதவையத் தாண்டிட்டியா?"

"தாண்டி வந்துகினு இருக்கோம். இரு, அண்ணாத்த எஞ்சின நிறுத்தறாரு."

எஞ்சின் ஓசை அடங்கியது. ஹரிகிருஷ்ணன் காது கொடுத்துக் கேட்கிறார் போல. போனில் தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டும் வந்தது.

"அதோ, சத்தம் கேக்குது! கொய்னு கத்துது. அண்ணாத்த, இப்டி இப்டி..." எஞ்சின் மறுபடி உறுமியது. ஒரு நிமிடம். இன்னொரு நிமிடம். பிறகு ஜெரோம் பேசினான். குரல் வேறாக இருந்தது.

"ட்ரோனுக்கு நேர் கீழதான் நிக்கறோம். இங்க யாருமே இல்ல, ஜாய்ஸு."

ஜாய்ஸ் மணலில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ரிமோட்டை மட்டும் விடவில்லை.

"நல்லா பாத்தியா? ஆரஞ்சு கலருல ஒரு பை கீதா பாரு."

"ஒண்ணியும் காணோம். அல மட்டுந்தான் கீது." பிறகு பக்கத்திலிருந்த ஹரிகிருஷ்ணன் போனை வாங்கினார். "எம்மா, ட்ரோன் ஒரே எடத்துல நிக்கும், மனுசன் நிப்பானா? இன்னைக்கித் தண்ணி தெக்கேருந்து வடக்கே இழுக்குது. பத்து நிமிசம்னா ரொம்ப தூரம் போயிருப்பாரு. எந்தப் பக்கம், எவ்ளோ தூரம்னு மேலருந்து பாத்து சொன்னாத்தான் உண்டு."

அதே நேரம் ஸ்வாதி வந்து சேர்ந்தாள். டேபை நீட்டினாள். முதுகு குளிர்ந்திருந்தது. திரையில் வெளிச்சம் இருந்தது. மணி பத்து முப்பது.

ஜாய்ஸ் ஒயரைச் சொருகினாள். முதல் தரம் சரியாகப் போகவில்லை. "மேடம், உங்க துப்பட்டாவ என் தலைக்கு மேல போட்டு நிழல் பண்ணுங்க." ஸ்வாதி துப்பட்டாவை உருவி இருவர் தலைக்கும் மேலாகப் போட்டுப் பிடித்தாள். டி.வி.க்குப் போகும் இணைப்பை ஜாய்ஸ் துண்டித்தாள். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினாள். ஆப் திறந்துகொள்ள எடுத்துக்கொண்ட நேரம் ஒரு யுகம்.

படம் வந்தது. கீழே ஜெரோம் படகில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிக் கடல்.

பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.

குச்சியைத் தள்ளி ட்ரோனை உயரத்துக்கு ஏற்றினாள். அறுபது மீட்டர், எண்பது மீட்டர். படகு சிறுத்துச் சிறுத்துத் தீக்குச்சி அளவானது. கேமராவை வடக்கே திருப்பினாள். வெள்ளை நுரை, நிழல், நுரை. எல்லாமே தொப்பி போலத் தெரிந்தது; எதுவுமே தொப்பி இல்லை.

"அங்க!" ஸ்வாதியின் விரல் திரையைத் தொட்டது. மேல் மூலையில் கடுகளவு ஆரஞ்சு.

ஜாய்ஸ் ட்ரோனை அந்தப் பக்கம் விரட்டினாள். கடுகு பட்டாணியானது. பிறகு பை. பையை மார்போடு கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்த ஒரு மனிதர். மஞ்சள் தொப்பி. ஒவ்வோர் அலையும் முகத்தின் மேல் ஏறி இறங்கியது.

"இனியன்" என்றாள் ஸ்வாதி. சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலச் சொன்னாள். "கை அசையுதா? எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?"

ஜாய்ஸுக்கும் தெரியவில்லை. "பைய உடாம புடிச்சிருக்காரு மேடம். புடிச்சிருக்காருன்னா நெனவு இருக்குன்னு அர்த்தம்" என்றாள். அது உண்மைதானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. போனை மணலில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "ண்ணா, வடக்கால வா. முந்நூறு மீட்டர் இருக்கும். ட்ரோன நல்லா கீழ எறக்கறேன். அதையே பாத்துக்கினு நேரா வா."

இருபத்து மூன்று சதவீதம். திரையில் ஓர் எச்சரிக்கை பளிச்சிட்டது. பேட்டரி குறைவு, திரும்பட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். அடுத்த கணமே இன்னொரு எச்சரிக்கை. டேப் மறுபடி சூடாகிக்கொண்டிருந்தது. துப்பட்டாவுக்குள் புழுங்கியது. படம் ஒரு முறை விக்கியது.

"மேடம், மறுபடியும் சூடாவுது!"

ஸ்வாதி ஒரு கையால் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்தாள். பிழிந்து டேபின் முதுகில் ஒட்டினாள். "சார், விசிறுங்க!" என்று ரஞ்சித்குமாரைப் பார்த்துக் கத்தினாள். அவர் போட்டியின் பெயர் எழுதிய அட்டையைப் பிடுங்கி வந்து, மணலில் குந்தி, ஓயாமல் விசிறினார். விருந்தினர் உட்பட எல்லோரும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். "காத்து வரட்டும், தள்ளுங்கப்பா" என்று அவரே விரட்டினார்.

ட்ரோன் இனியனுக்கு மேலே ஐந்து மீட்டரில் நின்றது. இப்போது முகம் தெரிந்தது. கண் மூடியிருந்தது. ட்ரோனின் காற்றில் தண்ணீர் சுற்றிலும் சிலிர்த்தது. அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

ஸ்வாதியின் கை ஜாய்ஸின் தோளை எலும்பு நோக இறுக்கியது. "நான் கை தட்டினேன்" என்றாள். "டி.வி.ல கையத் தூக்கினார்ல, அப்ப. அவர்னு தெரியும். தெரிஞ்சுதான் தட்டினேன்."

"நானும் சிரிச்சேன் மேடம்." அதற்கு மேல் பேச இருவருக்கும் நேரமில்லை.

பதினான்கு சதவீதம். படகு திரையின் ஓரத்தில் நுழைந்தது. ஹரிகிருஷ்ணன் எஞ்சினை அணைத்துப் படகைப் பக்கவாட்டில் கொண்டுவந்தார். குனிந்து, இனியனின் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். முதல் தடவை வழுக்கியது. தலை தண்ணீருக்குள் போய் வந்தது. ஸ்வாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது தடவை ஜெரோமும் சேர்ந்து இழுக்க, ஈரமூட்டை போலப் படகுக்குள் வந்து விழுந்தார்.

பத்து சதவீதம். இனி ட்ரோன் யார் பேச்சையும் கேட்காது. பேட்டரி தீரும் தறுவாயில் நின்ற இடத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். கீழே தண்ணீர். ஜாய்ஸ் முழு பலத்தோடு குச்சியைத் தள்ளியும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஜெரோம் எழுந்து நின்றான். என்ன செய்யப் போகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ண்ணா, தொடாத! எறக்கை வெட்டிடும்! வுட்டுடு, தண்ணில வுழட்டும்! ண்ணா!"

திரையில் ஜெரோமின் உள்ளங்கை பெரிதாகிக்கொண்டே வந்தது. ரேகைகள்கூடத் தெரிந்தன. பிறகு வானம், படகு, வானம் என்று படம் சுழன்றது. டேப் அணைந்துவிட்டது.

போனில் யாரும் பேசவில்லை. ஏதோ விழுந்த சத்தம், ஒரு கூச்சல், பிறகு இணைப்பே போய்விட்டது. மறுபடி அடித்தால் மணி போகிறதே தவிர எடுப்பாரில்லை.

படகு வர ஆறு நிமிடம் ஆயிற்று. கரையில் இருந்தவர்கள் ஆளாளுக்குக் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்கள். "ரெண்டு பேர் நிக்கறாங்க" என்றார் ஒருவர். "இல்ல, ஒருத்தர்தான்" என்றார் இன்னொருவர். ஸ்வாதி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். ஜாய்ஸ் அவள் பின்னால் போனாள். அலை வந்து மோதியதும் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

படகு அலையில் ஏறி மணலில் மோதி நின்றது. இனியன் படகின் அடியில் ஒருக்களித்துக் கிடந்து உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார். ஸ்வாதியைப் பார்த்ததும், "கால் ரெண்டும் மரத்துப்போச்சு" என்றார். அவள் அவர் தலையிலிருந்த தொப்பியைப் பிய்த்து எறிந்துவிட்டு, நெற்றியைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஜெரோம் கடைசியாக இறங்கினான். இடது கையில் ட்ரோன், இரண்டு இறக்கைகள் உடைந்து. வலது கையில் ஹரிகிருஷ்ணனின் துண்டு சுற்றியிருந்தது. துண்டு முழுக்க ரத்தம்.

"தொடாதன்னு கத்தினேனே, கேக்கலியா?" ஜாய்ஸ் அழத் தொடங்கிவிட்டாள்.

"கேட்டுச்சி." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான். "இது தண்ணில பூட்டுதுன்னா நீ ஒரு மாசத்துக்கு சோறு துண்ண மாட்ட. யாரு ஒங்கூட பேஜாரு பட்டுக்கினு இருக்கறது?"

ஆம்புலன்ஸில் இனியனும் ஸ்வாதியும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பின்னாலேயே லோடு வண்டியில் ஜாய்ஸ் அண்ணனை ஏற்றிக்கொண்டு போனாள். அந்தக் கையோடு அவனால் ஓட்ட முடியாது. அவளுக்கு அந்த வண்டி அவ்வளவாகப் பழக்கமில்லை. வழி நெடுக கியர் மாற்றும்போதெல்லாம் ஜெரோம் திட்டிக்கொண்டே வந்தான். அவன் திட்டத் திட்ட அவளுக்கு நெஞ்சு இலேசாகியது.

மூன்று விரல்களில் ஒன்பது தையல். விரல்கள் மடங்கும், பயமில்லை என்றார் டாக்டர். இனியனின் நுரையீரலில் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தது. இரண்டு நாள் இருக்கட்டும் என்றார்கள். சாயங்காலம் ஜாய்ஸ் வார்டுக்குள் போய்ப் பார்த்தாள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

"அது மேல நிக்கற வரைக்கும் எனக்கு பயமில்ல" என்றார் மெல்லிய குரலில். "ஆனா கொஞ்ச நேரத்துல அது அங்கேயே நிக்குது, நான் மட்டும் தள்ளித் தள்ளிப் போறேன். கூப்பிட்டா அதுக்குக் கேக்குமா? அப்பத்தான் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

ஏன் அது அங்கேயே நின்றது என்று ஜாய்ஸ் முழுசாகச் சொன்னாள். டேப் சூடானது, டி.வி.க்கு விட்டது, வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லாமல் தலையாட்டியது, எதையும் மறைக்கவில்லை. ரஞ்சித்குமார் மேல் பழி போட்டுவிட்டுத் தப்பிக்கலாம்; அவருக்கு அதில் பங்கும் இருந்தது. ஆனால் ரிமோட் தன் கையில் இருந்தது என்பதை அவளால் மறக்க முடியவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்வாதி கணவரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் போர்வையை இழுத்துவிட்டாள். மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. "இன்னைக்கு எதுவும் பேச வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்றேன்" என்றாள். பிறகு எழுந்து, ஆஸ்பத்திரி வாசல்வரை கூடவே நடந்து வந்தாள். அவள் இன்னும் வெறுங்காலோடுதான் இருந்தாள். ஜாய்ஸ் எதிர்க்கடையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்து கொடுத்தபோது மறுக்காமல் போட்டுக்கொண்டாள்.

வண்டியில் ஜெரோம் தூங்கிப்போயிருந்தான். ஜாய்ஸ் அவனை எழுப்பாமல் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை மெதுவாக விட்டாள். படாளம் திருப்பத்தில் கியர் கிறீச்சிட்டது. "க்ளச்ச முழுசா மிதி" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

மிதித்தாள்.